ரிமார்க்ஸ் கட்டத்தில் நான் எழுதிய இரண்டு வரி

போன மாதம் எங்கள் பழைய பிராஞ்சிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கலெக்‌ஷன் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். கடன் வாங்கியவரைத் தவிர வேறு யாரிடமும் கடனைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கம்பெனியில் இப்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போனில் பேசுவது பதிவாகிறது. எத்தனை மணிக்கு ஒரு வீட்டுக்குள் போனோம், எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது. "இருபத்தெட்டு வருசம் பீல்டுல இருந்திருக்கீங்க சார், உங்க அனுபவத்தச் சொன்னா இவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் அனுபவத்தைக் கேட்டால் மாட்டேன் என்றா சொல்வான்? சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அரை மணி என்றது முக்கால் மணி ஆயிற்று. பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், உங்களால யாருக்காச்சும் கெடுதல் ஆயிருக்கா?" என்று கேட்டாள். நான் பைக் கதையைச் சொன்னேன். மறுபடி சிரித்தார்கள். எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தி போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள். டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அந்தப் பெண் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது உறைத்தது. பதில் வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் பைக் கதையையும் விட முடியாது. ஒன்று தெரியாமல் மற்றது விளங்காது.

தொழிலை நான் முதலில் கற்றது திண்டுக்கல்லில் தவணைக்கு மின்விசிறியும் பாத்திரமும் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கடையில். அங்கே பாடம் ஒன்றே ஒன்றுதான். வீதி நடுவில் சைக்கிளை நிறுத்தி, மணியடித்து, ஆளின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட வேண்டும். "கூப்புடுற சத்தத்துலயே பாதிப் பணம் வந்துரும்லே" என்பார் முதலாளி. வரத்தான் செய்தது. அக்கம்பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று ஓடி வருவார்கள். அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திறமையோடுதான் இரண்டு வருஷம் கழித்து, பைக்குக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் கடன் கொடுக்கிற கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே மேனேஜர் ஹக்கீம் சார். பேகம்பூர்க்காரர், தோல் வியாபாரக் குடும்பம். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். அவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் நாம்தான் குனிய வேண்டும். கோபம் வந்தால் சத்தம் இன்னும் குறையும். சேர்ந்த முதல் வாரம் பிராஞ்சுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "நாகல் நகர்ல அந்த..." என்று ஒரு வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லி, அவர் இரண்டு மாதமாக டியூ கட்டவில்லை என்றேன். டியூ என்றால் மாதத் தவணை. சார் பாதி டீயோடு கிளாசை வைத்துவிட்டு, காசு கொடுத்து, ரோட்டைக் கடந்து போய்விட்டார். மறுநாளும் நான் மறந்து ஒரு பெயரைச் சொன்னேன். மறுநாளும் பாதி டீ. மூன்றாம் நாள் நான் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினேன். சார் முழு டீயும் குடித்தார்.

வீடு தேடுவதற்கும் அவரிடம் முறை உண்டு. முனைக்கடையில் நின்று பெயரைச் சொல்லி விசாரிக்கக் கூடாது. கையில் பைலோடு நிற்பவன் யாரென்று ஊருக்கே தெரியும். அப்படியானால் பக்கத்து வீட்டைச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். "அப்ப அவரு பேரு கெட்டுப் போகும். கோயிலக் கேளுங்க, கோவிந்தராஜ். கோயிலு கடன் வாங்கிருக்குன்னு ஒருத்தரும் நெனைக்க மாட்டாங்க" என்றார். வீடு பூட்டியிருந்தால் ஒரு துண்டுச் சீட்டை நாலாக மடித்துக் கதவிடுக்கில் செருக வேண்டும். அதில் என் பெயரும் என் நம்பரும் மட்டும்தான் இருக்கும். கம்பெனி பெயர் அச்சடித்த பையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பித் தைத்துக் கொடுத்திருந்தார். எங்களைப் பார்த்து மற்ற கம்பெனிக்காரர்கள், கடன் கேட்க வருகிறானா திருட வருகிறானா என்று கேலி செய்வார்கள்.

இனி அந்தப் பைக் கதை. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு. மூன்று டியூ நிலுவை. போனபோது கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அப்பா என்று நினைத்து, "ஐயா, தம்பி பைக்குக்கு மூணு மாசம் கட்டாம இருக்காரு, கொஞ்சம் சொல்லுங்க" என்றேன். அவர் மாமனார். மாப்பிள்ளைக்குச் சீராக அந்தப் பைக்குக்கு முழு ரொக்கத்தையும் கையில் எண்ணிக் கொடுத்தவர். மாப்பிள்ளை ரொக்கத்தை வேறு எதற்கோ போட்டுவிட்டு, பைக்கை எங்களிடம் கடனில் எடுத்திருக்கிறார். "எம்புட்டுன்னு சொன்னீக? மூணு மாசமா?" என்று எழுந்த பெரியவர் மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

ஹக்கீம் சார் காதுக்கு அது வந்தது. "உண்மையத்தான சார் சொன்னேன்" என்றேன். "அது ஒங்க உண்மையா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் என்னை அந்த மாப்பிள்ளையிடம் கூட்டிப் போய், என் முன்னாலேயே சார் மன்னிப்புக் கேட்டார். என்னைக் கேட்கச் சொல்லவில்லை. அது எனக்கு ரொம்ப உறுத்தியது. மகள் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள், டியூவையும் மாமனாரே கட்டினார் என்பதால்தான் அது சிரிக்கிற கதை ஆயிற்று.

ஹக்கீம் சாரின் இன்னொரு முறைதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்த பிறகு ஒரு தாளில் எழுத வேண்டும். அதில் கடைசிக் கட்டம் ரிமார்க்ஸ். அந்தக் கட்டத்தில் ஹக்கீம் சார் அனுமதித்தது நாலே சொல்: பூட்டு, தேதி சொன்னார், மறுப்பு, காரணம் சரி. ஏன் கட்டவில்லை என்பதை எழுதவே கூடாது. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டு, நியாயம் என்று பட்டால் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டு, "என் பொறுப்பு, ரெண்டு மாசம் விடுங்க" என்பார். காரணம் என்னவென்று அவர்கள் கேட்டால், "காரணம் சரி" என்பார். எனக்கு அது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலேயே கட்டுரை நன்றாக எழுதுகிறவன் நான். நாலு சொல்லில் என்னைக் கட்டிப்போட்டுவிட்டார் என்று உள்ளுக்குள் குறை இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற பின் வந்த மேனேஜர் இளைஞர், கெட்டிக்காரர், கெட்டவர் இல்லை. தாள் போய் வாட்ஸப் குழு வந்தது. ரிமார்க்ஸை அன்றன்றைக்குக் குழுவில் போட வேண்டும், காரணம் விவரமாக இருந்தால்தான் அவகாசம் கிடைக்கும் என்றார். நான் எழுதித் தள்ளினேன். "கோவிந்தராஜ் சார் ரிமார்க்ஸ பாருங்க, அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்கு" என்று குழுவிலேயே பாராட்டினார். அந்த வயதில் பாராட்டு யாருக்குக் கசக்கும்? இன்னும் விவரமாக எழுதினேன்.

ராணி என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் இல்லை. சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காந்திகிராமத்துக்கு இந்தப் புறமா அந்தப் புறமா என்று கேட்க வேண்டாம். இட்லி மாவு அரைத்து வீட்டிலேயே விற்று வந்தவர். பெரிய கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் எங்களிடம் கடன் வாங்கினார். படிவத்தை நிரப்பியது நான். ரெஃபரன்ஸ் என்று ஒரு பகுதி வரும். உறவுக்காரர் அல்லாத, நம்மை நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயரும் போன் நம்பரும் கொடுக்க வேண்டும். ராணி பக்கத்து வீட்டு அக்காவைச் சொன்னார். "கொஞ்சம் வசதியான ஆளாப் போடுங்கம்மா, லோன் சீக்கிரம் வரும்" என்றேன். அவர் யோசித்து, பஸ் ஸ்டாப் டிபன் கடைக்காரரின் நம்பரைக் கொடுத்தார். அவர் அரைக்கும் மாவில் பாதி அந்தக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

எல்லாரும் இப்படித்தான். வீட்டுச் சொந்தக்காரர், மில் சூப்பர்வைசர், சரக்கு கொடுக்கிற மொத்த வியாபாரி. யார் முன்னால் தலை குனியவே கூடாதோ அவர் நம்பரைத்தான் எழுதுவார்கள். எழுதச் சொன்னதும் நாங்கள்தான்.

ஒரு வருஷம் பிசகாமல் கட்டினார். பிறகு இரண்டு டியூ தவறியது. போனேன். என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய், காலிக் கிரைண்டரைப் போட்டுவிட்டார். கல் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சொன்னார். கணவருக்கு ஒரு நோய். அதன் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகிற நோய். சாப்பாட்டில் தொற்றுவதும் இல்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் பக்கத்தில் இருக்கிறவர் இலையை நகர்த்திக்கொள்வார்.

"ஆறு மாசம் மாத்தர திங்கணும்னு சொல்லிருக்காக சார். நல்லாப் போயிருமாம். இவரு வேலைக்குப் போகல, பஸ்ஸுக்கும் முட்டைக்கும் பாலுக்குமே போயிருது. ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க, கட்டிப்புடுறேன். ஆனா வெளிய தெரியக் கூடாது சார். இது வாயில வைக்கிற சாமான். தெரிஞ்சா ஒருத்தரும் இந்த வீட்டுல மாவு வாங்க மாட்டாக."

"யார்ட்டயும் சொல்ல மாட்டேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பஸ் ஸ்டாப்பில் திண்டுக்கல் வண்டிக்கு நின்றபோது போனை எடுத்தேன். அவருக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தாக வேண்டும் என்ற நினைப்பு இருந்தது, அது பொய்யில்லை. நன்றாக எழுதிவிடலாம் என்ற நினைப்பும் இருந்தது, அதுவும் பொய்யில்லை. இரண்டு வரி எழுதினேன். முதல் வரியில் நோயின் பெயரும் சிகிச்சையும். இரண்டாவதில் மனைவி மாவு வியாபாரம் செய்கிறார், நேர்மையானவர், இரண்டு மாதம் கொடுத்தால் கட்டிவிடுவார் என்பது. மேனேஜர் கட்டைவிரல் போட்டார். சாயங்காலத்துக்குள் அவகாசம் கிடைத்துவிட்டது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

அந்தக் குழுவில் போன் செய்து டியூ கேட்கும் ஆட்களும் இருந்தார்கள். வேறு ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள். அவகாசம் கொடுத்த விஷயம் அவர்கள் லிஸ்டில் ஏற ஒரு வாரம் ஆகும். அதற்குள் ஒருவர் ராணிக்கு போன் போட்டிருக்கிறார். எடுக்கவில்லை. அடுத்து ரெஃபரன்ஸ் நம்பர். என் இரண்டு வரி அவர் கண் முன்னால் இருந்திருக்கிறது. எல்லாம் தெரிந்த பின்னால் நான் அவரிடம் பேசினேன். "பாவம்னுதான் சார் சொன்னேன். வீட்டுக்காரருக்கு இப்படி இருக்காம், நீங்க தெரிஞ்சவரு, ஏதாவது ஒதவி பண்ணக் கூடாதான்னு கேட்டேன்" என்றார். அவர் குரலில் கள்ளம் இல்லை.

இதெல்லாம் தெரியாமல் இரண்டு மாதம் கழித்து ராணி வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, கதவு சாத்திக்கொள்ளாமல் துணியை வைத்து அடைத்திருந்தார்கள்.

"டிபன் கடைக்காரரு மறுநாளே மாவு வேண்டாம்னுட்டாரு. நாலு நாள்ல தெருவுலயும் வாரது நின்னு போச்சு" என்றார் ராணி. குரலை உயர்த்தவில்லை. "நான் எங்க அம்மாட்டகூடச் சொல்லல சார். ஒங்க ஒருத்தர்ட்டதான் சொன்னேன்."

"நான் யார்ட்டயும் வாயத் தொறக்கலம்மா" என்றேன். வாயைத் திறக்கவில்லைதான். பிறகு எனக்கே பொறுக்காமல் வாட்ஸப்பில் எழுதியதைச் சொன்னேன்.

"எழுதுனீகளா?" என்றார். பிரிட்ஜ் கதவில் நழுவியிருந்த துணியை அழுத்தி வைத்துவிட்டு, "எதுக்கு?" என்றார்.

அங்கிருந்து நேரே டிபன் கடைக்குப் போனேன். இரண்டு இட்லி சொல்லிவிட்டுக் கல்லாப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது? அப்படி ஒரு நோயே இல்லை என்றால் பொய். சாப்பாட்டில் தொற்றாது என்று சொன்னால், இதுவரை வதந்தியாக இருந்ததற்கு நானே சீல் குத்தியது போல ஆகும். ஒருவரின் சங்கதி ஒருமுறை வெளியே போய்விட்டால் அதை நல்லதாகச் சொல்லியும் உள்ளே கொண்டுவர முடியாது என்பது அந்த இரண்டு இட்லியைத் தின்று முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஹக்கீம் சார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"பின்ன எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்தார்.

மறுநாள் ராணியிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தது போலத்தான் இருந்தது.

"நாளைக்குக் கொஞ்சமா மாவு அரைக்கிறேன். காலையில எட்டு மணிக்கு, தெருவுல ஆளு நடமாடுற நேரத்துல வந்து ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போங்க சார். திண்டுக்கல்லுல இருந்து ஆபீசரு மெனக்கெட்டு வந்து வாங்குறாருன்னா நாலு பேரு யோசிப்பாக."

போனேன். தூக்குவாளியை நீட்டி, பழைய முதலாளி சொல்லிக் கொடுத்த சத்தத்தில், "ரெண்டு கிலோ குடுங்கம்மா" என்றேன். குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் வாசலுக்கே வந்து நின்று பார்த்தார். ராணி அளந்து ஊற்றி, காசு வாங்கி, மீதிச் சில்லறையும் கொடுத்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு வத்தலக்குண்டு பிரிவு ரோடு வரைக்கும் இருந்தது.

சாயங்காலம் என் மனைவி இட்லிச் சட்டியை அடுப்பில் வைத்தாள். "எந்த ஊரு மாவு இது? நல்லாப் பொங்கிருக்கு" என்றாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மட்டும் சத்தியத்தைக் காப்பாற்றினேன். "வேண்டாம், புளிச்சுப் போச்சு" என்றேன். அவள் மோந்து பார்த்துவிட்டு, "புளிக்கலையே" என்றாள். நான் வாளியை வாங்கிக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினேன். தொற்றாது என்று எனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதை நின்று படித்தவன் நான். தெரிந்தேதான் கொட்டினேன். என் வாழ்க்கையில் அதற்கு வெட்கப்பட்ட அளவு வேறெதற்கும் வெட்கப்பட்டதில்லை.

தெருவில் நாலு பேர் யோசித்தார்களோ என்னவோ, வாங்க யாரும் வரவில்லை. அடுத்த மாதம் போனபோது ராணி ஒரு நூல் மில்லில் சேர்ந்திருந்தார். கணவர் தேறிவிட்டார், கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராணி சம்பளக் கவரிலிருந்து டியூவை எடுத்துக் கொடுத்தார். கடைசி டியூ வரை அப்படித்தான் கட்டினார். அதற்கப்புறம் அந்த ஊரிலேயே அவர்கள் இல்லை.

மில் சம்பளத்தில் முதல் டியூ கட்டிய அன்றைக்கு, நான் ரசீது எழுதிக்கொண்டிருக்கும்போது ராணி கேட்டார்.

"அன்னைக்கு மாவு எப்புடி சார் இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. இட்லி பூ மாதிரி வந்துச்சு. வீட்டுல அம்புட்டு பேரும் சாப்பிட்டோம்."

ராணி தலையை ஆட்டினார். குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மோந்து என் பக்கத்தில் வைத்தார்.

"எப்பவும் உப்பப் போட்டுத்தான் குடுப்பேன். அன்னைக்கு இருந்த படபடப்புல மறந்துட்டேன் சார், துளி உப்புக்கூடப் போடல. நீங்க பஸ் ஏறுன பெறகுதான் நெனப்பு வந்துச்சு. போன் பண்ணுவோமான்னு பாத்தேன். சரி, சாப்பிட்டா அவுகளே கேப்பாகன்னு விட்டுட்டேன்."

ரசீதைக் கிழித்து நீட்டினேன். வாங்கி நாலாக மடித்துக் கவருக்குள் வைத்தார். மில் வேன் வருகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.